அப்பாவிடம் சொல்லாத செய்தி

போன மாதம் நம் கிளையில் ஞாயிறு சமய வகுப்பு முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறவன். கையில் போன், போனில் பச்சையும் சிவப்புமாக ஏதோ கோடுகள்.

“அண்ணே, ஷேர் வாங்குறது சூதாட்டமா? நம்ம சமயத்துல அது பாவமா?”

“இல்ல தம்பி. ஒரு கம்பெனியில நீயும் ஒரு பங்காளி ஆகுற, அவ்வளவுதான். கம்பெனி நல்லா நடந்தா உனக்கும் லாபம், இல்லன்னா உனக்கும் நட்டம்” என்று சொன்னேன். அவனும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டு போகும்போது மனசு உறுத்தியது. நான் சொன்னது பாதிப் பதில்தான். பங்கு வாங்குவது பாவமில்லை, சரி. எந்த இடத்தில் அது பாவமாக மாறுகிறது? அந்தக் கேள்வி சில வருடங்களுக்கு முன் என் வீட்டுக்கே வந்தது. இதுவரை நான் அதை வெளியில் சொன்னதில்லை. அந்தத் தம்பிக்கு நான் கொடுக்க வேண்டிய மீதிப் பதிலாக இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் யார், எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தீபாவளி இரவில் வந்த செய்தி

என் அப்பா தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணம் கைக்கு வந்தபோது அதில் கொஞ்சத்தை எடுத்து மூன்று கம்பெனிகளின் பங்குகளை வாங்கினார். அதில் ஒன்று என் பெரியம்மா மகன் வேலை செய்த கம்பெனி. “நம்ம பையன் வேலை செய்யுற எடம்” என்பதே அவருக்குப் போதுமான காரணம். 8,000 பங்குகள். ஒரு பங்கு 1 ரிங்கிட் 10 சென்னுக்கு வாங்கினார். அந்த ஆண்டு தீபாவளி சமயத்தில் அது 1 ரிங்கிட் 40 சென்னில் நின்றது. தினமும் காலையில் பேப்பரை விரித்து, அந்த ஒரு வரியை விரலால் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அப்பா தேநீரில் வாய் வைப்பார்.

தீபாவளி நவம்பர் தொடக்கத்தில் வந்தது. இரவு விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு அண்ணன் என்னை வீட்டுப் பின்பக்கம் கூப்பிட்டார். அவர் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தார்.

“தம்பி, இந்த மாசக் கடைசில குவார்ட்டர் ரிசல்ட் வரும். பெரிய கான்ட்ராக்ட் ஒன்னு கைய விட்டுப் போச்சு. நட்டம்தான் காட்டுவாங்க. வெளில யாருக்கும் தெரியாது. சித்தப்பாவ உடனே வித்துடச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத.”

இந்த அண்ணன் ஆசைக்காரர் இல்லை. அவருக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது பெரியப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய பள்ளிக்கூடச் செலவு, பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாம் என் அப்பாவின் தபால்காரச் சம்பளத்தில்தான் போனது. “சித்தப்பா இல்லன்னா நான் இன்னைக்கு எங்க இருப்பேன்?” என்று அவர் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. நன்றிக்கடன் தீர்க்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி அதுவாக இருந்தது.

நானும் அந்த நிமிடத்தில் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். நல்ல வேளை, அப்பா பணம் தப்பித்தது என்றுதான் முதலில் தோன்றியது.

சட்டம் என்ன சொல்கிறது

அந்த இரவு தூக்கம் வரவில்லை. “நான் சொன்னேன்னு சொல்லாத” என்ற வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நல்ல காரியம் என்றால் ஏன் மறைக்க வேண்டும்? போனை எடுத்துச் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 188-ஆவது பிரிவு ‘இன்சைடர் டிரேடிங்’ பற்றியது. உள்தகவல் வணிகம் என்று தமிழில் சொல்லலாம். பொதுமக்களுக்குத் தெரியாத ஒரு தகவல், தெரியவந்தால் பங்கின் விலையை நன்றாகவே அசைக்கக்கூடிய தகவல், அதை வைத்துக்கொண்டு அந்தப் பங்கை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. வாங்குவார், விற்பார் என்று தெரிந்த ஒருவரிடம் அதைச் சொல்லவும் கூடாது. தண்டனை 10 ஆண்டு வரை சிறை. அதோடு 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம். இது தவிர, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷன் தனியாக சிவில் வழக்கும் போடலாம். சம்பாதித்த லாபத்தை மட்டுமல்ல, தப்பித்த நட்டத்தையும் கணக்குப் பார்த்து, அதைப்போல் மூன்று மடங்கு கேட்கலாம்.

இன்சைடர் என்றால் கம்பெனி டைரக்டர், மேனேஜர் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. தகவல் எப்படி வந்தது என்பது முக்கியமில்லை. இது வெளியில் தெரியாத விஷயம் என்று தெரிந்தே கையில் வைத்திருப்பவன் எவனும் இன்சைடர்தான். கணக்குப் பிரிவில் இருக்கும் அண்ணனுக்கு அந்த எண்கள் முன்கூட்டியே தெரிந்தது குற்றமில்லை. யாராவது கணக்கு எழுதித்தானே ஆகவேண்டும்? ஆனால் வீட்டுப் பின்பக்கத்தில், கையில் முறுக்குத் தட்டோடு நின்று கேட்ட நானும் அந்த நிமிடத்திலிருந்து இன்சைடர் ஆகிவிட்டேன்.

மறுநாள் அண்ணனுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். “நான் ஒரு காசு வாங்கலயே தம்பி! சொந்தக்காரனுக்குச் சொல்றது குத்தமா?” என்றார். 

காசு வாங்காமல் சொன்னவர்களும் சிறைக்குப் போயிருக்கிறார்கள். கொழும்பில் பிறந்து நியூயார்க்கில் பெரும் பணக்காரரான ராஜ் ராஜரத்தினத்தின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். ஒரு தமிழர் அந்த உயரத்துக்குப் போனார் என்று நம் ஆட்கள் பெருமையாகப் பேசியதுண்டு. கேலியன் என்ற அவருடைய முதலீட்டு நிறுவனம் 2009 அக்டோபரில் அவர் கைதானதோடு சரிந்தது. 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பானது. அக்டோபரில் 11 ஆண்டு சிறைத் தண்டனை.

அவரோடு சேர்ந்து விழுந்தவர் ரஜத் குப்தா. மெக்கின்சி நிறுவனத்தின் உலகத் தலைவராக இருந்த முதல் இந்தியர். கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் இயக்குநர் குழுவிலும் இருந்தார். 2008 செப்டம்பர் 23 அன்று, வாரன் பஃபெட்டின் நிறுவனம் அந்த வங்கியில் 500 கோடி டாலர் போடப் போகிறது என்று இயக்குநர்களுக்குத் தொலைபேசிக் கூட்டத்தில் தெரிவிக்கப்பட்டது. கூட்டம் முடிந்து ஒரு நிமிடத்துக்குள் குப்தா ராஜரத்தினத்தை அழைத்தார். அன்றைய சந்தை மூட இன்னும் சில நிமிடங்களே இருந்தன. அதற்குள் கேலியன் கோல்ட்மேன் பங்குகளை வாங்கியது. குப்தா தன் பெயரில் பங்கு வாங்கினார் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. நண்பருக்கு ஒரு போன் போட்டார், அவ்வளவுதான். அவருக்கு 2 ஆண்டு சிறை, 50 லட்சம் டாலர் அபராதம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கு வந்தது பயம். தர்ம சிந்தனை ஒன்றும் வரவில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பயம் ரொம்ப நாள் நிற்காது. 8,000 பங்கு, ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று மூன்றாவது நாளே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

“விதுரர் சொன்னாரே?”

அண்ணன் விடவில்லை. வேறு வேறு நியாயங்களோடு திரும்ப வந்தார்.

“பெரிய ஆளுங்களுக்கு எல்லாம் எப்பவும் முன்னாடியே தெரியும் தம்பி. கோல்ஃப் விளையாடுற எடத்துலயே பேசி முடிச்சிடுவாங்க. நம்ம ஆளுங்களுக்கு என்னைக்கு எது முன்னாடி தெரிஞ்சிருக்கு? ஒரே ஒரு தடவ தெரியுது. அதயும் விட்டுடணுமா?”

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க என்னால் முடியவில்லை. தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. தோட்டம் துண்டாடப்படும் செய்தி கடைசியாகத்தான் எங்கள் தாத்தாவுக்குத் தெரிந்தது. செய்தி பிந்தி வருவதால் நம் ஆட்கள் இழந்தது கொஞ்சமா?

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. “நீ சமய வகுப்பு எடுக்குறவன்தானே? அரக்கு மாளிகை ரகசியத்த விதுரர் பாண்டவர்களுக்குச் சொன்னாரே, அது உள்தகவல் இல்லயா? அவர் அரண்மனையில இருந்துகிட்டுத்தானே சொன்னாரு? அவர அதர்மின்னு சொல்லுவியா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. வாரணாவதத்துக்குப் புறப்பட்ட தருமனிடம் விதுரர் மறைபொருளாகப் பேசி எச்சரித்தார். சுரங்கம் தோண்ட ஆளையும் அனுப்பி வைத்தார். அந்தக் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பாண்டவர்கள் தப்பினார்கள் என்றதும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். கதையை அங்கே முடித்துவிடுவேன்.

அன்றிரவு அந்தப் பகுதியை மறுபடியும் எடுத்துப் படித்தேன். நான் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி அதில் இருந்தது. குந்தி அன்று விருந்து வைக்கிறாள். ஒரு வேடுவப் பெண் தன் ஐந்து பிள்ளைகளோடு வந்து சாப்பிடுகிறாள், குடிக்கிறாள், அங்கேயே தூங்கிப்போகிறாள். தீ வைக்கப்படுகிறது. சுரங்கம் இருப்பது தெரிந்தவர்கள் சுரங்கத்தில் போகிறார்கள். தெரியாத ஆறு பேர் எரிகிறார்கள். மறுநாள் ஊர் மக்கள் ஒரு தாயின் உடலையும் ஐந்து ஆண்களின் உடல்களையும் பார்த்துவிட்டு, குந்தியும் பாண்டவர்களும் மாண்டுவிட்டார்கள் என்று அழுகிறார்கள். அந்த ஆறு பேருக்காக அழுதவர் யாரும் கதையில் இல்லை. அவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

விதுரரைக் குறை சொல்ல நான் யார்? கொலைச் சதியிலிருந்து உயிரைக் காப்பாற்றச் சொன்ன ரகசியமும், சில ஆயிரம் ரிங்கிட்டைக் காப்பாற்றச் சொன்ன ரகசியமும் ஒன்றல்ல. ஆனால் வியாசர் அந்த ஆறு உடல்களை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். நம்மவர் தப்பித்த இடத்தில் படுத்திருந்தது யார் என்று திரும்பிப் பார்க்கச் சொல்வதுபோல் எனக்குப் பட்டது.

பங்குச் சந்தையும் இதே மாதிரிதான். அப்பா 8,000 பங்கை 1 ரிங்கிட் 40 சென்னுக்கு விற்றால், அதே நேரத்தில் யாரோ ஒருவர் அதே விலைக்கு வாங்கியாக வேண்டும். கம்ப்யூட்டர் விலையையும் நேரத்தையும் பார்த்து இருவரையும் சேர்த்துவிடும். முகம் தெரியாது, பேர் தெரியாது. இரண்டு வேலை நாள் கழித்துப் பங்கு அவர் கணக்குக்குப் போகும், பணம் அப்பா கணக்குக்கு வரும். கம்பெனி இழந்த கான்ட்ராக்ட் இழந்ததுதான். அப்பா விற்றால் அந்த நட்டம் காணாமல் போகாது. பேர் தெரியாத அந்த ஆள் கைக்குப் போய்ச் சேரும்.

அந்த ஆள் கோல்ஃப் விளையாடும் பணக்காரர் என்று யார் சொன்னது? தெலுக் இந்தானில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையாக இருக்கலாம். கோத்தா பாருவில் ஒரு மாக்சிக்காக இருக்கலாம். கிள்ளானில் பிள்ளை படிப்புக்குச் சேர்க்கும் ஒரு லாரி டிரைவராக இருக்கலாம். செய்தி பிந்தி வந்ததால் நம் தாத்தாக்கள் இழந்தார்கள் என்று கோபப்படும் நாமே, செய்தி முந்தி வந்த ஒரே ஒரு நாளில் இன்னொருவருடைய தாத்தாவிடம் நட்டத்தைத் தள்ளிவிட்டால், நம் கோபத்துக்கு என்ன மரியாதை? இந்தச் சட்டம் இருப்பதே வெளியில் நிற்கிறவனுக்காக. நாம் பெரும்பாலும் வெளியில்தான் நிற்கிறோம்.

பயத்தால் தொடங்கிய தயக்கம் அன்றிரவுதான் முடிவாக மாறியது.

“விக்கலாமா, வச்சிருக்கலாமா?”

முடிவெடுப்பதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதுதான் இல்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவராகவே கேட்டார். “நம்ம பையன் கம்பெனி ஷேரு நல்ல வெலையில நிக்குது. விக்கலாமா, வச்சிருக்கலாமா? நீ என்னடா சொல்ற?”

தேநீர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, “உங்க இஷ்டம்ப்பா” என்றேன். 

“சரி, பொங்கல் வரைக்கும் இருக்கட்டும்” என்றார்.

எனக்கு அந்தக் காலை இன்றுவரை மறக்கவில்லை. சட்டப்படி நான் எதுவும் தவறு செய்யவில்லை. ஆனால் என்னைப் பெற்றவர் நம்பிக் கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலை மறைத்தேன். அன்றைக்கு அவரே விற்றிருந்தால் அது அவர் முடிவு, என் தகவல் அதில் இல்லை என்று மனசு நிம்மதியாக இருந்திருக்கும். விற்றுவிடட்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் விற்கவில்லை.

நவம்பர் கடைசி வாரம் காலாண்டுக் கணக்கு வெளிவந்தது. இரண்டே நாளில் விலை 98 சென்னுக்கு இறங்கியது. பங்குக்கு 42 சென். மொத்தம் 3,360 ரிங்கிட். பணக்காரர்களுக்கு இது ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அது அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு அப்பா மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்த பணம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்ட பிறகு அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அண்ணன் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, எல்லாம். அப்பா கோபப்பட்டார். “அப்பன்கிட்ட சொல்லாம யாருகிட்டடா நல்ல பேரு வாங்கப் போற?” என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், “நீ சொல்லியிருந்தா நான் வித்திருப்பேன்” என்றார்.

“தெரியும்ப்பா. அதுக்குத்தான் சொல்லல.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தேநீர் ஆறிவிட்டது என்று அம்மாவைக் கூப்பிட்டார். அந்த வருடம் அம்மாவின் கண்ணுக்கு நானும் அண்ணனும் சேர்ந்து பணம் போட்டோம். அண்ணனுக்கு நன்றிக்கடன் தீர்க்க வேறு வழியும் இருந்தது.

அப்பா என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. நான் செய்தது முழுக்கச் சரியா என்று இன்றுவரை எனக்குள் ஒரு மூலையில் வாதம் நடக்கிறது. தர்மம் செய்தால் மனசு லேசாகிவிடும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எப்போதும் அப்படி ஆவதில்லை. சில சமயம் அதன் விலையை நாம் நேசிப்பவர்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அது கடினமாக இருக்கிறது.

தம்பிக்கு மீதிப் பதில்

ஆக, தம்பி, ஷேர் வாங்குவது பாவமில்லை. எல்லாருக்கும் தெரிந்த தகவலைப் படித்து, யோசித்து, உன் புத்தியில் நீ சம்பாதித்தால் அது உழைப்பு. ஒரு பகடையை இருவரும் பார்க்காமல் உருட்டினால் அது விளையாட்டு. ஒருவனுக்கு மட்டும் என்ன விழும் என்று தெரிந்தால் அது சகுனியின் சபை. அந்தச் சபையில் நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கூசத்தான் வேண்டும்.

உன் போனில் இருக்கும் டெலிகிராம் குரூப்பையும் ஒரு தடவை பார். “இன்னைக்கு இத வாங்குங்க, நாளைக்கு ஏறும்” என்று ஒருவன் சொல்கிறான் என்றால், அவன் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறானா என்று கேள். நீங்கள் எல்லாரும் வாங்கி விலை ஏறியதும் அவன் விற்றுவிட்டுப் போவான். பொய் நம்பிக்கை கொடுத்து விலையை ஏற்றுவதும் இதே சட்டப்படி குற்றம். தண்டனையும் அதேதான். பங்கு ஆலோசனை சொல்லித் தொழில் நடத்த உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர்கள் பற்றிய எச்சரிக்கைப் பட்டியலை செக்யூரிட்டீஸ் கமிஷனே வெளியிடுகிறது. ஒரு நிமிட வேலை, தேடிப் பார்.

இன்னொன்று. யாராவது, மாமாவோ மச்சானோ, “உன் சிடிஎஸ் கணக்கக் கொஞ்சம் குடு, என் பேர்ல வேணாம்” என்று கேட்டால் கொடுக்காதே. உன் பேரில் இருக்கும் கணக்கில் இருப்பது உன் பங்காக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைவிட முக்கியம், அவர் ஏன் தன் பேரை மறைக்கிறார் என்று யோசி. அன்றிரவு அண்ணன் சொன்னாரே, “நான் சொன்னேன்னு சொல்லாத” என்று. எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் முதல் மணி அடித்தது.

நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் வியாபாரிகளுக்கு ஒரு வழி சொல்கிறார். அடுத்தவன் பொருளையும் உன் பொருள் மாதிரியே நினைத்து வியாபாரம் செய், அதுதான் நல்ல வியாபாரம் என்பது அதன் கருத்து. சந்தையில் அந்த அடுத்தவனுக்கு முகம் கிடையாது. முகம் இல்லாதவனுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள், அவளுக்கும் கண் வலி இருக்கும் என்று நாமாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அரக்கு மாளிகைக் கதைதான் சொல்லப் போகிறேன். இந்த முறை அந்த ஆறு பேரையும் சேர்த்து. நீயும் வா தம்பி.